சினைப் பூனைக்கு எதில் செலவழிக்கலாம், எதில் கையை இறுக்கலாம்?

பூனையின் வயிறு உப்பியிருக்கிறது, சினையா என்று தெரியவில்லை, கிளினிக்குக் கொடுக்கக் கையில் அதிகம் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் மாதக் கடைசியை எண்ணியபடியே பூனை வளர்ப்பவள் நான், ஆகவே காசிலிருந்தே தொடங்குகிறேன். சினையா இல்லையா என்று பார்ப்பதற்காக மட்டும் ஸ்கேனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். குட்டி போடும் இரவில் அந்தப் பணம் தேவைப்படலாம்.

வயிற்றை விட்டுவிட்டுக் காம்புகளைப் பாருங்கள். கடுவனோடு சேர்ந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் காம்புகள் பருத்து இளஞ்சிவப்பாகும், சுற்றியுள்ள முடி விலகும். வயிறு தெரிய ஐந்து வாரமாவது ஆகும். இன்னோர் அடையாளம், பருவத்துக்கு வந்து கடுவனைத் தேடிக் கத்துவது நிற்பது. இங்கே ஆண்டு முழுவதும் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை என்பதால் பெட்டைக்கு ஓய்வுப் பருவமே கிடையாது. சினையாகாவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரையில் உருண்டு கத்தும். அது நின்றால் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சினைக்காலம் பொதுவாக 63 முதல் 65 நாள். காம்பில் மாற்றமே இல்லாமல் வயிறு மட்டும் பெருத்தால் குடற்புழுவோ வேறு நோயோ இருக்கலாம், அப்போது மருத்துவரைத் தவிர்க்க முடியாது. (எங்கள் பிளாட்டில் சினை என்று நம்பி மூன்று வீட்டுக்காரர்கள் ஊட்டி வளர்த்த செவலை, கடைசியில் கடுவன். வாலைத் தூக்கிப் பார்க்கக் காசு ஆகாது.)

குட்டிகள் வேண்டாம் என்றால், ஆரம்ப வாரங்களிலேயே கருத்தடை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். பாவம் என்பார்கள். பசாரில் மீன் கடைக்கடியில் சீழ் வடியும் கண்களோடு திரியும் குட்டிகளைப் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வைத்துக்கொள்வதானால் காசைத் தீனியில் போடுங்கள். குட்டிப் பூனைகளுக்கான உலர்தீனியே சினைப் பூனைக்கும் ஏற்றது. கடைகளில் கிலோ கணக்கில் பிரித்துக் கட்டி விற்பதை வாங்கினால் மலிவு. வயிறு நெருக்கப்படுவதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை வையுங்கள். உப்பில்லாமல் அவித்த கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனை முள் எடுத்து அவ்வப்போது சேர்க்கலாம், அதையே முழு உணவாக்க வேண்டாம். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு மீன்குழம்புச் சோறு: வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கால்சியம் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், பால் கொடுக்கும்போது வலிப்பு வரும் அபாயத்தை அது கூட்டும். நாய்க்கான உண்ணி மருந்தும் பனடோலும் (பாராசிட்டமால்) பூனையைக் கொன்றுவிடும். புழு மருந்து என்றாலும் சினை என்று சொல்லிக் கேட்டே வாங்குங்கள்.

ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கடைசி வாரத்தில் எக்ஸ்ரே எடுங்கள். அப்போது குட்டிகளின் எலும்பு நன்றாகத் தெரியும், எத்தனை என்று எண்ணலாம். எண்ணிக்கை தெரிந்தால், ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா என்று அந்த இரவில் தவிக்க வேண்டியதில்லை.

பிரசவத்துக்கு அட்டைப்பெட்டி, செய்தித்தாள், பழைய கைலி போதும். பெரும்பாலும் பூனையே பார்த்துக்கொள்ளும். குட்டியின் மேலுள்ள சவ்வைத் தாய் உடனே கிழிக்காவிட்டால் மட்டும் நீங்கள் கிழித்து மூக்கைத் துடைத்துவிடுங்கள். அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, குட்டி வராமலே பச்சை நிறத்தில் ஒழுகுகிறது, நாற்றம் அடிக்கிறது, இரத்தம் நிற்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது, அறுவைக்கு எவ்வளவு வெள்ளி, தவணையில் கட்ட முடியுமா என்பதை இப்போதே தொலைபேசியில் கேட்டு வையுங்கள்.

பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். சமையலறைத் தராசில் தினமும் நிறுங்கள், நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். ஏறாத குட்டிக்குப் பசும்பால் ஊட்டாதீர்கள், பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மாவு வாங்குங்கள்.

பால் கொடுக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகும், அதனால் வெளியே விடாதீர்கள். குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடை செய்துவிடுங்கள். ஜெலுத்தோங்கில் ஜாலான் ஜெட்டி ஜெலுத்தோங்கில் இருக்கும் எஸ்பிசிஏவில் (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) கட்டணம் எவ்வளவு, என்றைக்குக் கொண்டுவரலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.