மூன்று வயதுக் குழந்தையுடன் ஐந்து கிலோமீட்டர் காட்டு நடை: என் கருத்து

வணக்கம். சென்ற முறை மூன்று வயது மகள் பாதி வழியில் நடக்க மறுத்ததையும், ஆறு வயது மகன் கண்ணுக்கு எட்டாமல் முன்னே ஓடிவிட்டதையும் சொல்லி, அடுத்த காட்டு நடையைக் கைவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கைவிட வேண்டாம், தூரத்தை மட்டும் பாதியாகக் குறையுங்கள். சுற்றுப்பாதையில் நடுவழியில் குழந்தை சோர்ந்துவிட்டால் முன்னே போவதும் திரும்புவதும் ஒரே தூரமாகிவிடும் என்பதால், போன வழியே திரும்பும் பாதையைத் தேர்ந்து, மகள் உற்சாகமாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். அவள் எறும்புப் புற்றின் முன் பத்து நிமிடம் நின்றால் நிற்கட்டும், அவளுக்கு அதுதான் காடு.

எனக்கு உண்மையில் கவலை தருவது மகன் ஓடுவதுதான். அவனுக்கு ஒரு விசில் கொடுங்கள்; அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டால் கயிறு கிளையில் சிக்கக்கூடும். ஆகவே அதை அவன் சட்டையில் பொருத்தி, வழி தவறினால் அங்குமிங்கும் அலையாமல் ஒரு மரத்தருகிலேயே நின்று மும்மூன்று முறையாக ஊத வேண்டும் என்பதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். நகர்ந்துகொண்டே இருக்கும் குழந்தையைத் தேடுவது மிகக் கடினம்.

அடர்ந்த மரங்களுக்கடியில் இருள் முன்னதாகவே கவியும் என்பதால் காலையிலேயே புறப்படுங்கள். வீடு திரும்பியதும் காதின் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று இருவரையும் பார்த்துவிடுங்கள்.