இட்லியைக் குறைத்தால் வேறு என்ன சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 39, எடை 62 கிலோ. சென்னையில் அலுவலக வேலை. போன மாதப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, 6.1 என்று வந்தது. மருந்து வேண்டாம், மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுங்கள் என்றார் டாக்டர். இட்லி, தோசையை நிறுத்திவிட்டு ஓட்ஸ் கஞ்சி, கேழ்வரகு தோசை, தினை உப்புமா என்று மாறினேன். ஆனால் பதினொரு மணிக்கே பசி எடுத்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு 7.45 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எனக்கென்று மிஞ்சுவது பத்துப் பதினைந்து நிமிடம்தான். முட்டை சாப்பிடுவேன். செவ்வாய், வெள்ளி மட்டும் சைவம். காலையில் என்ன சாப்பிடலாம்?

பதில்: நீங்கள் மாற்றியது தானியத்தைத்தான். புரதம் பழைய இடத்திலேயே நிற்கிறது. அதனால்தான் பசியும் பழைய நேரத்துக்கே வருகிறது.

100 கிராம் கேழ்வரகில் புரதம் 7 கிராம்தான். மாவுச்சத்து 65 கிராமுக்கு மேல். தானியங்களில் கால்சியத்துக்குக் கேழ்வரகை மிஞ்ச ஆளில்லை, நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம். ஆனால் மாவுச்சத்தைக் குறைக்க அது வழியில்லை. தினையிலும் ஓட்ஸிலும் புரதம் 12, 13 கிராம் இருக்கிறது, சரி. ஆனால் ஒரு கிண்ணம் கஞ்சிக்கு நீங்கள் போடும் ஓட்ஸ் 40 கிராம் இருக்குமா? அதில் கிடைப்பது 5 கிராம் புரதம். சிறுதானியம் என்றாலே சர்க்கரைக்கு மருந்து என்ற பேச்சு எப்படியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. என்னிடம் ஆலோசனைக்கு வந்து உட்காருபவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நமக்கு வேண்டிய கணக்கு என்ன? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று பரிந்துரைக்கிறது. உங்கள் எடைக்கு அது நாளைக்கு 51 கிராம் வருகிறது. நம் வீடுகளில் மதியமும் இரவும் சோறும் குழம்புமாகப் போய்விடும் என்பதால், காலையிலேயே 20 கிராம் அளவுக்கு எடுத்துவிடுங்கள் என்பேன். மாவுச்சத்து 25, 30 கிராமுக்குள் நிற்கட்டும். நான்கு இட்லியில் புரதம் 8 கிராம், மாவுச்சத்து 45 கிராமுக்கும் மேல். தொட்டுக்கொள்ளும் ஒரு கரண்டி சாம்பார் பெரிதாக எதையும் சேர்க்காது. தேங்காய்ச் சட்னியில் புரதம் பேருக்குத்தான். அதற்குப் பதில் வேர்க்கடலைச் சட்னி அரைத்தால் கொஞ்சம் தேறும்.

சரி, சமையலுக்கு வருவோம். உங்கள் நேரத்துக்கும் நாக்குக்கும் ஒத்துவருவது பாசிப்பயறு தோசை, அதாவது ஆந்திராவில் பெசரட்டு என்கிறார்களே, அதுதான். இரவு படுக்கும் முன் 200 கிராம் முழுப் பாசிப்பயற்றை ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து மிக்ஸியில் அரைத்தால் மாவு தயார். புளிக்கவிட வேண்டாம். ஒரு கைப்பிடி அரிசியும் போடட்டுமா என்று கேட்பீர்கள். முறுகலுக்காகத்தான் போடுகிறார்கள், உங்களுக்கு இரண்டு ஸ்பூன் போதும், போடாவிட்டாலும் தோசை வரும்.

வராமல் போவது கல்லின் சூட்டினால்தான். அரிசி மாவு ஊற்றும் சூட்டில் இதை ஊற்றினால் தேய்ப்பதற்குள் மாவு கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வந்துவிடும். கல் நன்றாகக் காய்ந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு தேய்த்து, தீயைக் குறைத்துவிட்டு ஊற்றுங்கள். மெல்லியதாகப் பரப்பிய பிறகு தீயைக் கூட்டலாம். ஓரம் தானாகத் தூக்கும்போது திருப்பினால் ஒட்டாது.

இந்த மாவில் எட்டு தோசை வரும். ஒன்றுக்கு 6 கிராம் புரதம், 12 கிராம் அளவுக்கு மாவுச்சத்து என்று வையுங்கள். இரண்டு தோசையும், அதில் ஒன்றின் மேல் உடைத்து ஊற்றிப் பரப்பிய ஒரு முட்டையும் சேர்ந்தால் 18 கிராம் புரதம். வேர்க்கடலைச் சட்னி மீதியைப் பார்த்துக்கொள்ளும். மிஞ்சிய மாவு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். பிள்ளைகளுக்கும் இதையே பாக்ஸில் வைக்கலாம். அவர்களுக்கு மட்டும் மாவுச்சத்தைக் குறைக்காதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு இட்லியும் சோறும் வேண்டும்.

பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு எல்லாவற்றிலும் மாவுச்சத்து உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். புரதம் என்ற பெயரில் இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டு சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேகவைத்த 100 கிராம் கொண்டைக்கடலையில் புரதம் 9 கிராம் என்றால் மாவுச்சத்து 27 கிராம். முளைகட்டினால் புரதம் பெருகிவிடும் என்பதும் சரியில்லை. பயறு தண்ணீரை இழுத்துப் பருத்திருக்கிறது, அவ்வளவுதான். வைட்டமின் சி கூடும், செரிமானமும் எளிதாகும். அதற்காகச் சாப்பிடலாம்.

மாவுச்சத்தே இல்லாமல் புரதம் வேண்டுமானால் முட்டைக்கு நிகர் இல்லை. மூன்று முட்டையில் 18 கிராம் புரதம், மாவுச்சத்து 2 கிராம்கூட இருக்காது. ஞாயிறு இரவே ஐந்தாறு முட்டைகளை வேகவைத்து ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் ஒரு வாரம்வரை கெடாது. ஓட்டை உரித்து வைத்தால் சீக்கிரம் வாடை வந்துவிடும். மஞ்சள் கருவைத் தூக்கி எறியாதீர்கள், முட்டைப் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு அதில்தான் இருக்கிறது. ரத்தத்தில் கொழுப்பு அளவு ஏற்கெனவே கூடுதலாக இருந்தால் மட்டும் வாரத்துக்கு எத்தனை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகவைத்த முட்டை அலுத்துவிட்டால் முருங்கைக்கீரைப் பொடிமாஸ். கீரையை இரவே டிவி பார்த்துக்கொண்டு ஆய்ந்து வைத்துவிட வேண்டும். காலையில் அந்த வேலைக்கு உட்கார்ந்தால் பஸ் போய்விடும். சின்ன வெங்காயம் வதக்கி, கீரையைப் போட்டு மூன்று நிமிடம் வதங்கியதும் முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறி, மிளகுத்தூள் தூவி, இலேசாக ஈரம் இருக்கும்போதே இறக்குங்கள். சட்டியின் சூட்டில் மீதி வெந்துவிடும்.

செவ்வாய், வெள்ளிக்கு என்ன வழி? ஒன்று பனீர். 100 கிராமில் 18 கிராம் புரதம். வெங்காயம், தக்காளி வதக்கி, மஞ்சள்தூள் போட்டு, உதிர்த்த பனீரைச் சேர்த்து இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ரப்பர். கொழுப்பும் 20 கிராமுக்கு மேல் இருப்பதால் இதைத் தினசரி ஆக்க வேண்டாம். இன்னொன்று மீல்மேக்கர், அதாவது சோயா உருண்டை. பிரியாணியில் ஒதுக்கி வைக்கப்படும் பாவப்பட்ட பொருள். உண்மையில் 30 கிராம் மீல்மேக்கரில் 15 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் பனீரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வாடைதான் பலருக்குப் பிரச்சினை. உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி இன்னொரு முறை பிழிந்தால் போய்விடும். மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, சோம்பு, கறிவேப்பிலை தாளித்துப் புரட்டினால் அசல் பொடிமாஸ்தான். பிழிவது வரை இரவே முடித்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் மீன் குழம்பு மிச்சமிருந்தால் இதெல்லாம் எதற்கு? இரண்டு துண்டு மீனும் ஒரே ஒரு இட்லியும் போதும். அடுப்பைப் பற்றவைக்கவே நேரமில்லாத நாளில் ஒரு கிண்ணம் கெட்டித்தயிர், நறுக்கிய வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. 13, 14 கிராம் புரதம் கிடைத்துவிடும். கூடவே குடிக்கும் காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போனால் அங்கேயே 10 கிராம் ஏறிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இட்லியை அறவே விட வேண்டிய அவசியம் இல்லை. ஆசைப்பட்ட நாளில் இரண்டு சாப்பிடுங்கள், ஆனால் முதலில் முட்டையையோ பனீரையோ முடித்துவிட்டு இட்லிக்குப் போங்கள். அந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். புரதப் பவுடர் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே அதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. உங்களுக்குத் தேவையும் இல்லை.

நீங்கள் மருந்து எடுக்கவில்லை என்பதால் இவ்வளவு தாராளமாகச் சொல்கிறேன். இதைப் படிக்கும் மற்றவர்கள் சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்களாக இருந்தால், மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதும் ஆபத்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. இவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் பாசிப்பயறு தோசை நாள், முட்டை நாள், இட்லி நாள் என்று தனித்தனியாகக் குறித்து வைத்தால், எது ஒத்துக்கொள்கிறது என்று எழுத்திலேயே தெரிந்துவிடும். எச்பிஏ1சியை அவசரப்பட்டு அடுத்த மாதமே எடுக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து எடுத்து, இந்தக் குறிப்புகளோடு டாக்டரிடம் காட்டுங்கள்.