வாசகர் கேட்டவை: கர்த்தர் குறிச்ச நாளும் மலையில விழுந்த வெடிப்பும்

கேள்வி: ஐயா, நாங்க அப்புத்தளை பக்கம் ஒரு தோட்டத்துல லயத்துல இருக்கோம். லயத்துக்கு மேல மலையில வெடிப்பு விழுந்திருக்கு. வந்து பாத்த ஆபீசர்மார் மழை பலமா பெஞ்சா இங்க தங்காதீங்க, ஸ்கூலுக்கு போயிருங்கன்னு சொல்லிட்டாங்க. அப்பா அசைய மாட்டேங்கிறாரு. கர்த்தர் குறிச்ச நாள்ல தான் சாவு, அதுக்கு முந்தி ஒரு கல்லும் உருளாது, ஓடுறது அவிசுவாசம்கிறாரு. எல்லாம் அவர் சித்தம்னா நாம எடுக்கிற முடிவுக்கு என்ன தான் வேலை?

பதில்: தம்பி, மழை புடிச்சிருச்சுன்னா இந்த பதிலை வாசிச்சுக்கிட்டு நிக்க வேணாம், அப்பாவை கையப் புடிச்சு கூட்டிட்டு போயிருங்க, பேச்சை ஸ்கூல்ல வச்சு பேசிக்கலாம்.

அப்பா சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, அதை நானும் விடமாட்டேன். ஒரு குருவி கூட பிதா அறியாம தரையில விழாதுன்னு மத்தேயு 10ல இயேசுவே சொல்றாரு. ஆனா அப்பா அதை தலையெழுத்து மாதிரி எடுத்துக்கிட்டாரு. தலையெழுத்துன்னா நீங்க என்ன செஞ்சாலும் செய்யாட்டியும் நடக்கிறது நடந்துரும். வேதம் சொல்ற தேவ பராமரிப்பு அப்படி இல்ல.

அப்போஸ்தலர் 27ஐ அப்பாவோட உக்காந்து வாசிங்க. பவுல் கைதியா ரோமாபுரிக்கு போற கப்பல் புயல்ல மாட்டிருச்சு, உள்ள 276 பேர். தேவதூதன் வந்து ஒரு உயிரும் போகாதுன்னு பவுலுக்கு வாக்கு குடுத்தாச்சு, அதாவது முடிவு தெரிஞ்சாச்சு. அதுக்குப்பிறகு கப்பல்காரங்க சின்ன படகை இறக்கி களவா தப்பப் பாக்கிறாங்க, அப்போ அதே பவுல் நூற்றுக்கு அதிபதிகிட்ட போய் இவங்க கப்பல்ல இல்லாட்டி நீங்க தப்ப முடியாதுங்கிறாரு. சிப்பாய்கள் உடனே கயிறை அறுத்து படகை விட்டுட்டாங்க. கடைசியில நீந்தத் தெரிஞ்சவன் நீந்தினான், மத்தவங்க பலகையைப் புடிச்சு கரை சேந்தாங்க. கர்த்தர் தான் வாக்கு குடுத்தாரே, நான் ஏன் நீந்தணும்னு யாரும் கேக்கல. அந்த வாக்கு நிறைவேறினதே கயிறை அறுத்த கையாலயும் நீந்தின காலாலயும் தான். 13ஆம் நூற்றாண்டுல கத்தோலிக்க இறையியல் அறிஞர் தோமா அக்குவினாஸ் இதைத்தான் சொன்னாரு, தேவன் தன் கையில பலம் குறைஞ்சதால மனுஷரை வச்சு வேலை செய்யல, படைக்கப்பட்டதுகளுக்கும் காரணமா இருக்கிற மதிப்பைக் குடுக்கணும்னு தான் அப்படி செய்றாருன்னு. இதை முதல் தடவை வாசிச்சப்போ எனக்கு ரெண்டு நாள் வேற எதுலயும் மனசு ஓடல.

ஓடுறது அவிசுவாசமாம். யோசேப்பு என்ன செஞ்சாரு? கனவுல எச்சரிப்பு வந்ததும் விடியிற வரைக்கும் கூட நிக்காம, ராத்திரியோட ராத்திரியா புள்ளையையும் தாயையும் கூட்டிக்கிட்டு எகிப்துக்கு போயிட்டாரு. ஏரோது பச்சைப் புள்ளைங்கள கொன்னப்போ இயேசு பெத்லகேம்ல இல்ல. உங்களுக்கு தூதன் வரல, ஆபீசர் வந்திருக்காரு. அவரையும் கர்த்தர் தான் அனுப்பினாருன்னு அப்பா ஏன் யோசிச்சுப் பாக்கக் கூடாது?

இன்னொண்ணையும் மனசுல இருக்கிறதால சொல்லிடறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்த மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயம் லயமா மண்ணுக்குள்ள போச்சு. அந்த இடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் எச்சரிச்சிருந்தாங்க. அதுக்குப்பிறகும் ஆக்கள் அங்கேயே இருந்தது அவிசுவாசத்தால இல்ல, அதிவிசுவாசத்தால இல்ல, சொந்தமா ஒரு துண்டு காணி இல்லாதவங்க எங்க போறது? இதை கடவுள் சித்தம்னு ஒரே வார்த்தையில முடிக்கிறதை கேட்டா எனக்கு வயிறு எரியுது. மனுஷன் செய்யாம விட்டதை தேவன் தலையில கட்டக்கூடாது. செத்தவங்க மேல பாவத்தை சுமத்துறதும் தப்பு. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை பத்தி பேசினப்போ, அவங்க மத்தவங்களை விட பெரிய பாவிங்கன்னு நினைக்கிறீங்களா, இல்லைன்னு இயேசு சொன்னது லூக்கா 13ல இருக்கு.

கேள்வி: நாங்க மெதடிஸ்ட் சபை. அத்தை போற சபையில இரட்சிக்கப்படுறவங்களை தேவன் முன்கூட்டியே தெரிஞ்செடுத்தாச்சு, நம்ம விருப்பத்துல ஒண்ணும் இல்லைன்னு படிப்பிக்கிறாங்க. யார் சொல்றது சரி?

பதில்: இது 1600 வருஷத்துச் சண்டை தங்கச்சி. மனுஷன் சொந்த முயற்சியாலயே நல்லவனா வாழலாம்னு பெலாகியுஸ்ங்கிற துறவி சொன்னாரு, கிருபை இல்லாட்டி நம்ம சித்தம் எழும்பவே எழும்பாதுன்னு ஆயர் அகுஸ்தீன் சொன்னாரு, 418ல வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ்ல கூடின ஆயர்மார் சங்கம் பெலாகியுஸ் பக்கத்தை தள்ளிருச்சு. அத்தையோட சபை 1618, 1619ல நெதர்லாந்துல டோர்ட் நகரத்துல கூடின சபைச் சங்கத்து வழியில நிக்குது, தேவன் தெரிஞ்செடுத்தவங்க தான் இரட்சிக்கப்படுவாங்கன்னு அவங்க தான் தீர்மானிச்சாங்க. உங்க மெதடிஸ்ட் சபைக்கு வழி போட்ட ஜோன் வெஸ்லி, தேவன் எல்லாருக்கும் முந்தியே ஒரு கிருபை குடுக்கிறாரு, அந்த பலத்துல தான் நாம ஆமாவோ இல்லையோ சொல்றோம்னு படிப்பிச்சாரு. என் மனசு வெஸ்லி பக்கம் தான். ஆனா கிருபை தான் முதல்ல வருதுங்கிறதுல உங்க ரெண்டு வீட்டுக்கும் பேதம் இல்லைங்கிறதை அத்தைகிட்ட சொல்லுங்க. கத்தோலிக்கத்துக்குள்ளயும் தொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் இதே விஷயத்துல மோதி, கடைசியில 1607ல பாப்பரசர் 5ஆம் பவுல் ஒருத்தரை ஒருத்தர் கண்டிக்காதீங்கன்னு சொல்லி விட்டுட்டாரு.

கேள்வி: யூதாஸ் காட்டிக் குடுப்பான்னு இயேசுவுக்கு முந்தியே தெரியும்னா அவன் மேல என்ன குத்தம்?

பதில்: றம்பொட பக்கம் மேல நின்னு பாத்தா கீழ வளைவுக்கு இந்தப்பக்கம் வர்ற பஸ்ஸும் அந்தப்பக்கம் வர்ற லொறியும் ஒரேயடியா தெரியும், டிரைவர்மாருக்குத்தான் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. நீங்க பாக்கிறதால பஸ் திரும்புறது இல்ல. தேவன் காலத்தை பாக்கிறதும் உயரத்துல இருந்து ரோட்டைப் பாக்கிற மாதிரின்னு அக்குவினாஸும் சொல்றாரு. பேதுரு மூணு தடவை மறுதலிப்பான்னும் இயேசு அதே ராத்திரி முன்னாடியே சொல்லித்தான் வச்சிருந்தாரு. ரெண்டு பேரும் மனசு கசந்தாங்க, ஒருத்தன் தூக்குப் போட்டுக்கிட்டான், ஒருத்தன் அழுதுட்டு மத்த சீஷர்கள் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தான். யூதாஸ் திரும்பி வந்திருந்தா இயேசு அவனை ஏத்துக்கிட்டிருப்பாருன்னு தான் நான் நம்புறேன்.