பைசெப்ஸ் அடித்தால் இடுப்பு ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 27. நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். பெரிய ஏழடி ராடில் பக்கத்துக்கு 5 கிலோ பிளேட் போட்டு, 10 கிலோதான் பைசெப்ஸ் அடிக்கிறேன். ஆனாலும் மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது, மணிக்கட்டும் வலிக்கிறது. கை மட்டும் அப்படியே இருக்கிறது. ‘ஃபார்ம் சரியில்லை’ என்கிறார் மாஸ்டர். எதை மாற்ற வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் ராடையும் கணக்கில் சேருங்கள். ஏழடி நீளத்தில், பிளேட் மாட்டும் முனை இரண்டு அங்குலம் தடிமனாக இருக்கிறதே, அந்த ஒலிம்பிக் ராடு மட்டுமே 20 கிலோ. ஆக நீங்கள் அடிப்பது 30 கிலோ. நான்கு மாதப் பயிற்சியில் பைசெப்ஸுக்கு அது பலருக்கு அதிகம்தான். உங்கள் முதுகும் அதையே சொல்கிறது.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். ராடு தொடையருகே தொங்கும்போது முழங்கையில் பாரம் அவ்வளவாகத் தெரியாது. முன்கை தரைக்குக் கிடையாக வரும் இடம்தான் இருப்பதிலேயே கடினம். கை அங்கே திணறியதும் உடம்பு தானாக ஒரு குறுக்குவழி தேடும். இடுப்பு முன்னால் போகும், முதுகு பின்னால் வளையும், ராடு ஒரு ஆட்டத்தில் அந்த இடத்தைத் தாண்டிவிடும். எண்ணிக்கை 10 வந்துவிடும். ஆனால் பைசெப்ஸ் வேலை செய்ய வேண்டிய இடத்தில் வேலை செய்தது கீழ்முதுகு. வலியும் அங்கேதான் வருகிறது.

இதைச் சோதிக்க ஒரு சுவர் போதும். சுவரிலிருந்து குதிகால் ஒரு அடி தள்ளி இருக்கட்டும். பிட்டமும் மேல்முதுகும் சுவரில் ஒட்டியிருக்கும்படி நின்று ராடைத் தூக்குங்கள். உடம்பை ஆட்டாமல் பைசெப்ஸ் அடிக்கும் ‘ஸ்ட்ரிக்ட் கர்ல்’ போட்டிகளிலும் இப்படிச் சுவரோடு ஒட்டி நின்றுதான் தூக்குகிறார்கள். முதுகு சுவரை விட்டு விலகாமல் எத்தனை கிலோவை 10 முறை தூக்க முடிகிறதோ, அதுதான் இன்றைக்கு உங்கள் எடை. பெரும்பாலும் 15, 18 கிலோவில் வந்து நிற்கும். அதற்கு அந்தப் பெரிய ராடு ஒத்துவராது, சிறிய ராடை எடுங்கள். எடை குறைந்துவிட்டதே என்று தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் பிளேட்டைப் பார்த்துத்தான் பலர் இந்த வலியை வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது மணிக்கட்டு. இதில் நிறையப் பேர் ராடைப் பிடிக்கும் இடத்திலேயே தவறுகிறார்கள். வெறுங்கையோடு நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை முன்பக்கம் திருப்புங்கள். முன்கை நேர்கோட்டில் தொங்காது, கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் அந்தச் சாய்வு வேறு. கை இயல்பாக எங்கே நிற்கிறதோ, ராடில் அதே அகலத்தில் பிடியுங்கள். பெரும்பாலும் தோள் அகலம் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக வரும். அதைவிட நெருக்கிப் பிடித்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். ராடு விரல்களில் தொங்காமல் உள்ளங்கையில் நன்றாக உட்கார வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடியவும் கூடாது, உள்ளே சுருளவும் கூடாது. சுருண்டால் முன்கைதான் முதலில் சோர்ந்துபோகும். இவ்வளவும் செய்து வலி நிற்கவில்லையென்றால், வளைவு வளைவாக இருக்கும் ராடுக்கு மாறிவிடுங்கள். நேர் ராடில்தான் அடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சரி, இனி தூக்கும் முறை. பாதம் இடுப்பு அகலத்தில் இருக்கட்டும், முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்குங்கள், முதுகு தானாக நிலைக்கும். மேல்கை விலாவை ஒட்டியிருக்கட்டும். மூச்சை விட்டபடி தூக்குங்கள். மேலே வரும்போது முழங்கை ஓரிரு அங்குலம் முன்னால் நகர்ந்தால் பரவாயில்லை. ஆனால் ராடை மோவாய் வரை கொண்டுபோக முழங்கையை முன்னால் வீசாதீர்கள். முன்கை செங்குத்தாகிவிட்டால் பாரம் எலும்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும், தசைக்கு அது ஓய்வு. ராடு மேல்மார்புக்கு வரும் முன்பே, பாரம் இன்னும் கையில் தெரியும்போதே நிறுத்தி ஒரு நொடி இறுக்குங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது இறக்கும்போது நடப்பதைப் பற்றித்தான். ஜிம்மில் போய்ப் பாருங்கள், தூக்குவதற்கு முக்கி முனகுகிறவர் இறக்கும்போது ராடைக் கீழே விட்டுவிடுவார். அது தொடையில் இடித்து எம்பும், அந்த எம்பலிலேயே அடுத்ததைத் தூக்கிவிடுவார். பாதி வேலை அங்கேயே போய்விட்டது. மூச்சை இழுத்தபடி இரண்டு, மூன்று நொடி எடுத்து இறக்குங்கள். முழங்கை முழுதாக நீளும் வரை போங்கள், ஆனால் மூட்டைச் சொடுக்காதீர்கள். அரைவழியில் திரும்பினால், தசை நன்கு நீண்டு பாரம் தாங்கும் பகுதியே விடுபட்டுப்போகும். வளர்ச்சிக்கு அந்தப் பகுதி முக்கியம். ராடு தொடையைத் தொடும் முன் ஒரு கணம் நிற்கட்டும், ஆட்டம் அடங்கிய பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள்.

வாரம் இரண்டு நாள், ஒரு செட்டுக்கு 8 முதல் 12 முறை என்று மூன்று செட், நடுவில் ஒன்றரை, இரண்டு நிமிடம் இடைவெளி போதும். புல்-அப்ஸ், ரோயிங் போன்ற இழுக்கும் பயிற்சிகள் செய்கிற நாளிலும் பைசெப்ஸுக்கு வேலை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். தினமும் கைக்கென்று தனியாக அடிக்கத் தேவையில்லை.

இப்போதைய முதுகு வலி முழுதாக விடும் வரை ராடைத் தொடாமல், உட்கார்ந்து சாய்ந்துகொள்ளும் பெஞ்சில் லேசான டம்பெல் போடுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதேபோல், என்றைக்காவது முழங்கை மடிப்பில் ‘டப்’ என்று தெறித்து, ரத்தம் கட்டி, தசை மேலே சுருண்டதுபோல் தெரிந்தால், அது தசைநார் அறுந்ததாக இருக்கலாம். அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நாள் கடந்தால் அறுவைச் சிகிச்சை கடினமாகிவிடும்.

வலி விட்டு ராடுக்குத் திரும்பியதும், ஃபோனைப் பக்கவாட்டில் வைத்து ஒவ்வொரு வாரமும் கடைசி செட்டை வீடியோ எடுங்கள். கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் தெரியும், முதுகு வளைவது தெரியாது. மூன்று செட்டிலும் 12 சுத்தமாக வந்தால் பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் ஒன்று ஏற்றுங்கள். அந்தச் சின்ன பிளேட் உங்கள் ஜிம்மில் இல்லையென்றால், அதே எடையில் 15 வரை போய்விட்டு, அப்புறம் பக்கத்துக்கு 2.5 கிலோ போடுங்கள்.