வலைப்பதிவர், வலை நிரலாளர் மாநாடு: டர்பனிலிருந்து கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் வலைப்பதிவர்களும் வலை நிரலாளர்களும் கூடும் ஒருநாள் மாநாடுகளை நடத்துவது, அவற்றுக்குப் போவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஏற்பாட்டுப் பணியில் தொடர்ந்து இருக்கும் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

அக்கா, எழுபது எண்பது பேருக்கு ஒரு மாநாடு நடத்த நினைக்கிறோம். முதலில் எதைப் பிடிப்பது? (சாட்ஸ்வொர்த்)

தேதியையும் இடத்தையும். இவை உறுதியாகாமல் பணம் தரும் ஆதரவாளரும் பிடி கொடுக்க மாட்டார், பேச்சாளரும் வாக்குக் கொடுக்க மாட்டார். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

ஜூலை முதல் சனிக்கிழமை பக்கம் போகாதீர்கள். அன்று கிரேவில்லில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் நடக்கும். ஓட்டல் அறையும் கிடைக்காது, வாடகை ஒலிக்கருவியும் கிடைக்காது. ஜூனில் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் எந்த ஞாயிறு என்று பார்த்து அந்த வாரக் கடைசியையும் விட்டுவிடுங்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சாலையில் வண்டி நகராது. டிசம்பரில் கடலில்லாத உள்பகுதிக்காரர்கள் கடற்கரைக்கு வந்து குவிந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை நடத்துவதானால் ஜும்ஆவுக்காகப் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை காலியாக விட வேண்டும். அதனால் சனிக்கிழமையே வசதி.

இடம் பார்க்கப் போகும்போது மேடையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது அரங்குக்கு வெளியே உள்ள தாழ்வாரம். எண்பது பேர் கையில் தேநீரோடு நின்று பேச அங்கே இடம் உண்டா? பல்கலைக்கழக விரிவுரை அரங்குகள் மலிவு, புரொஜெக்டரும் இருக்கும். ஆனால் நகர்த்த முடியாத இருக்கைகள், வெளியே குறுகிய நடைபாதை. பேச்சை வீட்டில் உட்கார்ந்து காணொளியில் பார்த்துக்கொள்ளலாம். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் தனியாகக் கடை நடத்தும் நிரலாளர் தன்னைப் போன்ற இன்னொருவரைச் சந்திக்கத்தான் ஒரு சனிக்கிழமையைக் கொடுத்து வருகிறார். நிற்க இடமில்லாத அரங்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒரே அரங்கா, இரண்டா? ஒரு நாளில் எத்தனை பேச்சு வைக்கலாம்? (டொங்காட்)

நூறு பேர் வரைக்கும் ஒரே அரங்கு. இரண்டாகப் பிரித்தால் ஒலி, படம், நேரம் பார்ப்பவர் எல்லாம் இரட்டிப்பாகும். ஒரு பேச்சாளர் பதினைந்து பேர் முன்னால் நிற்பார்.

பேச்சு ஆறு போதும். ஒவ்வொன்றும் 25 நிமிடம், கேள்விக்கு 5, அடுத்தவர் மடிக்கணினியை மாட்ட 15. ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்றால் பத்தரைக்குள் இரண்டு பேச்சு, அரை மணி தேநீர், பன்னிரண்டேகாலுக்குள் இன்னும் இரண்டு, ஒன்றரை வரை சாப்பாடு, இரண்டே முக்காலுக்குள் கடைசி இரண்டு. மறுபடி தேநீர். பிறகு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஐந்தைந்து நிமிடம் பேசலாம். நான்கு மணிக்கு முடித்துவிடுங்கள். மினிபஸ் டாக்ஸியில் வருபவர்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

நேரம் பார்ப்பவர் முன்வரிசையில் உட்கார்ந்து 10, 5, 1 என்று எழுதிய அட்டைகளைக் காட்ட வேண்டும். ஒருவர் நீட்டினால் அந்த நேரம் இடைவேளையிலிருந்துதான் போகும். பெரிய பெயராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பார்கேம்ப் முறையில் அட்டவணையே இல்லாமல் நடத்தலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நடத்தலாம். 2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய முறை அது. காலையில் சுவரில் ஒரு பெரிய கட்டம், வருபவர்களே தலைப்பை எழுதி ஒட்டுவார்கள். 2010 ஜனவரியில் யாங்கோனில் நடந்த பார்கேம்புக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. ஒருவரையொருவர் அறியாத கூட்டத்தில் முதல் அரை மணி யாரும் எழுத வராமல் கட்டம் வெறுமையாக நிற்கும். நான்கைந்து பேரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து முதல் தாள்களை ஒட்டச் சொன்னால் மற்றவர்கள் தொடர்வார்கள். முதல் முறை நடத்துபவர்களுக்கு என் யோசனை: காலை அட்டவணைப்படி, மதியம் பார்கேம்ப்.

மின்சாரம் போனால் என்ன செய்வது? (லெனேசியா)

லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) 2024இலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் கேபிள் திருட்டும் துணைமின் நிலையப் பழுதும் தீரவில்லை. கூடவே, நாமே மின்சாரத்தைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு.

அதை முதலில் சொல்கிறேன். 20 லிட்டர் தேநீர் அண்டா ஒன்று சுமார் 2,500 வாட் இழுக்கும். 16 ஆம்பியர், 230 வோல்ட் இணைப்பு ஒன்று தாங்குவது 3,680 வாட்தான். ஒரே இணைப்பில் இரண்டு அண்டா போட்டால் பிரேக்கர் விழும். அதே இணைப்பில் புரொஜெக்டர் இருந்தால் பேச்சு நடுவில் திரை இருண்டுவிடும். முந்தின நாளே கட்டடப் பராமரிப்பாளரோடு பிரேக்கர் பெட்டியைத் திறந்து எந்தப் பிளக் எந்தப் பிரேக்கரில் என்று பார்த்து நாடா ஒட்டிக் குறியுங்கள். அண்டாக்கள் தனித்தனி இணைப்பில் இருக்கட்டும். நிறைந்த அண்டா கொதிக்க முக்கால் மணி நேரமாகும், இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னால் போட்டுப் பயனில்லை. சுருள் நீட்டிப்புக் கம்பியை முழுக்க அவிழ்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். சுருட்டியபடியே ஓட்டினால் உள்ளே சூடேறி உருகும்.

உண்மையான மின்வெட்டுக்கு மூன்று அடுக்கு வேண்டும். ஒன்று, ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் ஒரு சிறிய யுபிஎஸ். இரண்டும் சேர்ந்து முப்பது வாட்டைத் தாண்டாது. இரண்டு, புரொஜெக்டருக்கும் ஒலிக்கலவைப் பெட்டிக்கும் பேட்டரி. 300 வாட் புரொஜெக்டரை 1,500 விஏ யுபிஎஸ் சுமார் இருபது நிமிடம்தான் தாங்கும். ஒரு கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி நிலையம் இரண்டரை மணி வரை இழுக்கும். விளக்குள்ள பழைய வகைப் புரொஜெக்டரானால் பேட்டரி கட்டாயம்: விசிறி ஓடிக் குளிர்வதற்குள் மின்சாரம் அறுந்தால் விளக்கின் ஆயுள் குறையும். மூன்று, ஜெனரேட்டர். இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். மெயினை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அரங்கின் பிளக்குகள் அதில் வருகின்றனவா, அல்லது விளக்குகளும் மின்தூக்கியும் மட்டும்தானா? அது எழுந்து சுமையை ஏற்க அரை நிமிடம் வரை ஆகும். அந்த அரை நிமிடத்தை நிரப்பத்தான் யுபிஎஸ். மின்சாரம் திரும்பும் கணத்தில் வோல்டேஜ் எகிறும், ஆகவே ஒலிக்கருவிகளைச் சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக்கில் மாட்டுங்கள்.

எல்லா மாநாட்டிலும் வைஃபை பத்து மணிக்கே படுத்துவிடுகிறதே, ஏன்? (ஃபீனிக்ஸ்)

பெரும்பாலும் வேகம் போதாததால் இல்லை. எண்பது பேர் என்றால் நூற்றறுபது கருவி. பல வீட்டு ரௌட்டர்கள், கருவிக்கு ஒன்றாகத் தரும் இணைய முகவரியை நூறுக்கு மேல் கொடுக்காதபடியே அமைக்கப்பட்டு வருகின்றன. கொடுத்த முகவரியை ஒரு நாள் முழுக்கத் திரும்பப் பெறுவதும் இல்லை. நூற்றியொன்றாவது ஆள் 'இணைகிறது... இணைகிறது...' என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். ரௌட்டர் தரும் முகவரிகளின் எண்ணிக்கையை, அதாவது டிஎச்சிபி வரம்பை, பெரிதாக்கி, முகவரிக் காலத்தை ஒரு மணியாகக் குறையுங்கள். நாற்பது ஐம்பது கருவிக்கு ஓர் அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) என்று கணக்கு வைத்து, 5 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம். மேடைக்குத் தனிக் கம்பி இணைப்பு. இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பயிலரங்கு என்றால் மென்பொருளை வீட்டிலேயே நிறுவி வரச் சொல்லுங்கள், நான்கைந்து பென்டிரைவில் பிரதியும் வைத்திருங்கள். 200 எம்பி கோப்பை நாற்பது பேர் இறக்கினால் 8 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழுவதும் அதற்கே போனாலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

சாப்பாடு? மாநாடு செப்டம்பர் கடைசியில் வருகிறது. (வெருலம்)

அது புரட்டாசி. நம் வீடுகளில் பாதிப் பேர் அந்த மாதம் கவிச்சி தொட மாட்டார்கள், பலர் முட்டையும் சேர்க்க மாட்டார்கள். ஆகவே தேநீருக்கு வைக்கும் கேக்கும் முட்டை இல்லாததாக இருக்க வேண்டும். ஏற்பாட்டாளர்கள் மறப்பது இதைத்தான். அந்த மாதத்தில் முழுச் சைவமாக வைப்பதே எளிது: ஹலால் பார்ப்பவர்களும் சாப்பிடலாம், தனிக் கரண்டி, தனி மேசை என்று காவல் காக்கவும் வேண்டாம். மற்ற மாதங்களில் கறி வைத்தால் சான்றுள்ள ஹலால் சமையலரிடம் வாங்குங்கள், சைவத்துக்குத் தனி மேசை போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

பன்னி சௌ (குடைந்த பாண் ரொட்டிக்குள் கறி) வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். பீன்ஸ் கறி ஊற்றிய கால் பன்னி அருமைதான், ஆனால் நின்றுகொண்டு தின்ன முடியாது; கையெல்லாம் குழம்பாகும், மடிக்கணினி பாவம். உட்கார மேசை இல்லையென்றால் ரொட்டியில் சுருட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இலவச அனுமதி என்றால் பதிந்தவர்களில் மூன்றில் ஒருவராவது வரமாட்டார் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூறு ராண்ட் வாங்கினாலே அது பத்தில் ஒருவராகக் குறைந்துவிடும், உணவும் வீணாகாது. மாணவர்களுக்கு மட்டும் இலவசம்.

பதிவுப் படிவத்தில் என்னென்ன கேட்கலாம்? ஆதரவாளர் எல்லோருடைய மின்னஞ்சலும் கேட்கிறார். (சாட்ஸ்வொர்த்)

கொடுக்காதீர்கள். தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. விளம்பர மின்னஞ்சல் அனுப்ப ஒவ்வொருவரும் தனியாகச் சம்மதம் தர வேண்டும். முன்கூட்டியே குறியிட்ட கட்டம் சம்மதமாகாது. ஆதரவாளர் தன் மேசையில் ஒரு தாள் வைத்து, விரும்புபவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு விருப்பமும் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அதில் ஒருவரின் மதமோ நோயோ தெரிந்துவிடும். சமையலருக்கு எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள், பெயர்ப் பட்டியலை அல்ல. மாநாடு முடிந்து ஒரு மாதத்தில் அந்தச் சாப்பாட்டு விருப்பத் தகவலை அழித்துவிடுங்கள். படம் எடுக்கப்பட விரும்பாதவர்களுக்கு வேறு நிறக் கழுத்துப்பட்டி கொடுங்கள். அட்டையில் பெயரை இரு பக்கமும் அச்சடியுங்கள். அட்டை எப்போதும் பின்பக்கம்தான் திரும்பித் தொங்கும்.

நான் மாணவி. யாரையும் தெரியாது, தனியாக வர யோசனையாக இருக்கிறது. (ஃபீனிக்ஸ்)

வாங்கம்மா. கூட்டம் சேர்வதற்கு முன், எட்டரைக்கே வந்துவிடுங்கள். பதிவு மேசையில் உதவி கேட்டுக்கொண்டிருப்பார்கள், அரை மணி அட்டை எடுத்துக் கொடுத்தால் இருபது பேர் முகம் தெரிந்துவிடும். யாரிடம் பேசுவது என்று தயங்கினால் அப்போதுதான் பேசி முடித்த பேச்சாளரிடம் போங்கள். "நீங்கள் சொன்னதில் இது எனக்குப் புரியவில்லை" என்றால் போதும், அவருக்கும் அது நிம்மதி.

ஏற்பாட்டாளர்களுக்கும் சொல்கிறேன்: வட்டமாக நிற்கும்போது ஒரு ஆள் நுழைய இடைவெளி விட்டு நில்லுங்கள். நடத்தை விதிகளை எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. புகார் வாங்க இருவர், அதில் ஒருவராவது பெண், அவர்களுடைய கைப்பேசி எண் அட்டையின் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். யாராவது தொந்தரவு கொடுத்தால் என்ன செய்வது, யார் வெளியே அனுப்புவது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

தமிழ் வரிகள் உள்ள ஸ்லைடு மேடைக் கணினியில் கட்டம் கட்டமாக வருகிறது. (கேப் டவுன்)

அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. பிடிஎஃப் ஆக்கி எழுத்துருவை உள்ளே பதித்துக் கொண்டு வாருங்கள், அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவச் சொல்லுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் கொண்டுவரவே கூடாது. நிரல் வரிகளின் எழுத்தளவு 24 புள்ளிக்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் இருக்கட்டும். டர்பன் வெயிலில் திரைச்சீலை போட்டாலும் கறுப்புப் பின்னணி தெரியாது.

வேர்ட்கேம்ப் என்ற பெயரில் நடத்தலாமா? (டொங்காட்)

வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருள்காரர்களின் மாநாட்டுக்கு 2006இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பெயர் அது, அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. முதலில் ஊரில் மாதாந்தரக் கூட்டம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்க வேண்டும். பேச்சாளருக்குச் சன்மானம் கிடையாது, நுழைவுக்கட்டணம் குறைவாக இருக்க வேண்டும், வரவுசெலவை அனுமதி தருபவர்கள் பார்ப்பார்கள். வேர்ட்பிரஸ் மட்டுமே பேச்சு என்றால் நல்ல வழி. வலைப்பதிவர்களும் மற்ற நிரலாளர்களும் கலந்து வருவதானால் சொந்தப் பெயரே சரி.

சென்னையிலிருந்து பேச வருகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்? (சென்னை)

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். அழைப்புக் கடிதத்தில் உங்கள் கடவுச்சீட்டு எண், மாநாட்டு நாள், இடம், தங்கும் செலவு யாருடையது என்பவை இருக்கட்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே கேட்டு வாங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டு விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும்படி பயணச்சீட்டு அமைந்தால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்.

கிங் ஷாக்கா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர், ஏற்பாட்டாளரையே வண்டி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஏசிக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக் இங்கே சுவரில் பொருந்தும். மடிக்கணினியின் சிறிய மூன்று முள் பொருந்தாது. சின்ன முள்ளைப் பெரிய முள்ளாக்கும் அடாப்டரை அங்கேயே வாங்கி வாருங்கள். கூடவே உங்கள் கணினிக்கான எச்டிஎம்ஐ மாற்றியும் ஒன்று. மேடையில் எப்போதும் தொலைந்துபோவது அதுதான்.