கபௌ செடிக்கு மண் வேண்டாம், மரம் வேண்டும்

கேள்வி: அசாமில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் அண்ணன், அங்கே ஒரு நர்சரியில் வாங்கிய கபௌ ஆர்க்கிட் செடியைக் கொடுத்தார். அசாமின் மாநில மலர் அதுதானாம். கோவையில் எங்கள் மொட்டை மாடியில், செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மற்றவை சுருங்கித் தோல் மாதிரி ஆகிவிட்டன. பிழைக்குமா? பூக்குமா?

பதில்: உச்சியில் மூன்று நான்கு இலைகள் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் இன்றைக்கே மண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். நல்ல பருவம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இது நிலத்தில் வளரும் செடி இல்லை. காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டு வாழ்வது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதும் இல்லை. கிளை அதற்கு உட்கார ஓர் இடம், அவ்வளவுதான். மழை, பனி, பட்டையில் படியும் தூசு, இலைச்சருகு இவைதான் சாப்பாடு. அசாம் கிராமங்களில் வீட்டு முற்றத்து மாமரத்திலோ பலாவிலோ கட்டிவிட்டால் அதுபாட்டுக்கு வளர்கிறது. அங்கே காற்றிலேயே ஈரம் இருக்கிறது. கோவையில் அந்த ஈரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் மண் மூலமாக அல்ல.

செடியை எடுத்ததும் வேர்களை நன்றாகக் கழுவி, ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உயிருள்ள வேர். தோல் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் கையோடு வந்தால் அழுகியது. அதனால்தான் தண்ணீர் ஊற்றியும் இலை சுருங்குகிறது. ஊற்றும் தண்ணீரை உறிஞ்ச வேர் இல்லை. அழுகியதைத் தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் வெட்டி, வெட்டிய முனையில் மட்டும் லவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் தூள் படக்கூடாது, காய்ந்துவிடும். ஒருநாள் நிழலில் கிடக்கட்டும்.

அப்புறம், பட்டையோடு இருக்கிற மாங்கட்டை ஒன்றில் செடியை வைத்து, பழைய பருத்திப் புடவைக் கிழிசலால் அசையாமல் கட்டுங்கள். வேரைப் பாசியாலோ தேங்காய் நாராலோ மூட வேண்டாம். கட்டையைத் தொங்கவிடுங்கள். மாடியில் பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலைக்குக் கீழே, காற்றோட்டமான இடம் நல்லது. புது வேர் கட்டையைப் பிடிக்கும்வரை நன்றாக நிழலிலேயே இருக்கட்டும். இந்த இனத்துக்கு வேரைத் தொட்டாலே பிடிக்காது, ஒரு பருவம் முழுக்க வளராமல் முரண்டு பிடிக்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் எப்போது தேவை என்பதை வேரே சொல்லிவிடும். காய்ந்த வேர் வெள்ளி போல வெளுத்திருக்கும். அதன் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு. தண்ணீர் தெளித்ததும் அது குடித்து, ஒரு நிமிடத்துக்குள் கண்ணெதிரே பச்சையாக மாறும். வெள்ளை முழுதும் பச்சையாகும் வரை தெளியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கோடையில் காலையில் கட்டாயம், தேவைப்பட்டால் பிற்பகலிலும் ஒருமுறை. இரவுக்குள் காய்ந்துவிட வேண்டும். சிறுவாணித் தண்ணீரோ மழைநீரோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். போர்வெல் உப்பு வேரின் பஞ்சு உறையை அடைத்துவிடும்.

உரமும் கொஞ்சமாகப் போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 20-20-20 உரக் கலவையில் அரை கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, புது வேர் வந்த பிறகு வாரம் ஒருமுறை தெளியுங்கள்.

பூ விஷயத்துக்கு வருவோம். அசாமில் ஏப்ரல் நடுவில் ரொங்காலி பிஹு என்ற புத்தாண்டுத் திருவிழா. அந்தச் சமயத்தில்தான் கபௌ பூக்கிறது. ஆடும் பெண்கள் கொண்டையில் சூடுகிறார்கள். கபௌ என்றால் அசாமியாவில் புறா. குளிர்காலம் அங்கே வறட்சியாகப் போகும். பிறகு பர்தைசிலா என்கிற கோடைப் புயல்மழை வரும். செடி அந்தக் கணக்கில் பழகியது. நீங்களும் டிசம்பர், ஜனவரியில் தண்ணீரைக் குறையுங்கள், ஆனால் இலை சுருங்கவிடாதீர்கள். பூத்தண்டு எட்டிப்பார்த்ததும் பழையபடி தண்ணீர் கொடுங்கள். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், பூக்காது. லேசாக மஞ்சள் கலந்த பச்சைதான் சரி. இவ்வளவு அடிபட்ட செடி அடுத்த கோடையில் பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு வருடம் கொடுங்கள்.

இது நம் ஊருக்கு அந்நியச் செடியும் அல்ல. நரிவால் ஆர்க்கிட் என்றும் சொல்லப்படும் இந்தக் கபௌ அருணாச்சலப் பிரதேசத்துக்கும் மாநில மலர்; மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்கிறது. கேரளத்து மூலிகைகளைப் படத்தோடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' அந்தக் காலத்திலேயே இதை 'ஆஞ்ஞிலி மரவாழை' என்று பதிந்திருக்கிறது. ஆஞ்ஞிலி என்பது நம் அயினிப் பலா. அதற்காக வால்பாறைப் பக்கம் போகும்போது மரத்திலிருந்து ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காப்புக் காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம். அதைவிட, இதன் விதை தூசியைப் போல நுண்ணியது, உள்ளே உணவுச் சேமிப்பே கிடையாது. சரியான பூஞ்சை துணைக்கு வந்தால்தான் காட்டில் முளைக்கும். ஒரு செடி போனால் அந்த இடத்தில் இன்னொன்று வரப் பல வருடமாகும். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், பூஞ்சை இல்லாமலே சர்க்கரைக் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்கவைத்துக் காட்டினார். இன்றைக்கு ஆய்வகக் குடுவையில் வளர்த்த நாற்றே விலைக்குக் கிடைக்கிறது. அடுத்த செடி வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பூத்தண்டு ஒரு முழ நீளத்துக்குத் தொங்கும். வெள்ளைப் பூவில் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் புள்ளிகள், நடுவில் அடர்நிற நாக்கு. சூடிக்கொள்ள ஆசைப்பட்டால் நுனி மொட்டுவரை விரிந்த பிறகு, இலைக்கக்கத்தில் இரண்டு விரற்கடை தண்டை விட்டு வெட்டுங்கள்.