குட்டியா, வளர்ந்த பெட்டையா?

அன்புள்ள ஐயா,

நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில், அக்கராயன் பக்கம் இருக்கிறோம். அரை ஏக்கர் வளவு, எட்டுக் கோழி, ஆறு வயதில் ஒரு மகள். எங்களிடம் நின்ற நாய்க்குட்டி போன கார்த்திகையில் இரத்தமாகக் கழிந்து செத்துப்போனது. இன்னொன்று வேண்டும் என்று மகள் அழுகிறாள். காப்பகம் ஒன்றில் நாய்கள் இடமில்லாமல் நெருக்குப்படுகின்றன, ஒன்றையாவது எடுத்துப்போங்கள் என்று முகநூலில் போட்டிருந்தார்கள். அதற்கிடையில் எங்கள் ஒழுங்கை முகப்பில், வைரவர் கோயிலடியில், யாரோ உரப்பையில் ஐந்து குட்டிகளை விட்டுப் போய்விட்டார்கள். ஐந்தும் பெட்டை. மூன்று கபில நிறம், இரண்டு கறுப்பும் வெள்ளையும். இவற்றைக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு அங்கிருந்து ஒரு கடுவன் குட்டியை எடுத்து வரலாமா? பெட்டை வேண்டவே வேண்டாம் என்கிறா மாமி. கருத்தடை செய்வது பாவம் என்றும் சொல்கிறா. ஒரு நாயை எடுத்து என்ன குறையப்போகிறது என்று இவர் கேட்கிறார்.

ச., அக்கராயன்

அன்புள்ள ச.,

உங்கள் கணவர் கேட்டதற்கு முதலில் பதில். காப்பகத்தில் ஒன்றும் குறையாது. ஒரு நாய் வெளியே போனால் அந்தக் கிழமையே அந்த இடத்துக்கு வேறொன்று வந்துவிடும். ஆனால் நீங்கள் எடுப்பது எந்த நாய் என்பதைப் பொறுத்து உங்கள் ஒழுங்கையில் குறையும். அதனால்தான் கடுவன் குட்டி வேண்டாம், வளர்ந்த, கருத்தடை செய்த பெட்டையாகப் பார்த்து எடுங்கள் என்கிறேன். மாமி கோபிக்கட்டும். காரணத்தையும் வாசித்துவிட்டுக் கோபிக்கட்டும்.

கட்டாக்காலி நாய் என்று நாங்கள் சொல்வதில் பெரும்பங்கு காட்டில் பிறந்ததல்ல. யாரோ ஒருவர் வீட்டு விறகுக் குவியலுக்குள்ளோ நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குள்ளோ பிறந்தது. பன்றிக்கும் குரங்குக்கும் காவலுக்கென்று கடுவன்களைத் தோட்டக்காரர் கேட்டு வாங்கிப் போவார்கள். மிஞ்சுகிற பெட்டைகளுக்குத்தான் உரப்பை. சந்தையடி, ஏ9 வீதிக்கரை, கோயிலடி. வைரவரின் வாகனம் என்பதால் அவரே பால் வாங்கி ஊற்றுவார் என்ற நம்பிக்கை போலும்.

ஒரு பெட்டை ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் முதல்முறை பருவத்துக்கு வரும். பிறகு ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை. சினைக்காலம் 63 நாள் அளவு. ஒரு ஈற்றில் நாலு முதல் எட்டுக் குட்டி. இதை அப்படியே பெருக்கி, ஒரு பெட்டையால் ஆறு வருடத்தில் 67,000 நாய் என்று ஒரு படம் இணையத்தில் சுற்றுகிறது. அது வெறும் பெருக்கல் கணக்கு. மேற்கு வங்காளத்தில் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில் ஐந்துக்கு ஒன்றுதான் குட்டி போடும் வயது வரை உயிரோடு இருந்தது. மற்றவை பசியாலும் நோயாலும் வாகனத்தில் அடிபட்டும் முடிந்துபோயின. தெருவில் நாய் பெருகவில்லையே என்று யாராவது சொன்னால், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது இந்தச் சாவுதான்.

இலங்கையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை 2006இல் அரசு நிறுத்தியது. பிடித்துக் கொண்டுபோய் வேறு ஊரில் விடலாம் என்று இப்போதும் சிலர் பிரதேச சபைக்கு மனுக் கொடுக்கிறார்கள். இறைச்சிக்கடைக் கழிவும் சந்தைக் குப்பையும் கிடந்த இடத்திலேயே கிடந்தால், காலியான இடத்துக்கு ஊசி போடாத புது நாய்கள் வரும். நின்ற நாய் கருத்தடையும் விசர் நோய்த் தடுப்பூசியும் கண்டதாக இருந்தால் அது தன் எல்லைக்குள் வேறு நாயை இலேசில் விடாது. நான் சொல்கிற வளர்ந்த பெட்டை உங்கள் படலையடியில் அந்த வேலையைத்தான் செய்யும்.

கருத்தடையைக் கடுவன்களுக்கு மட்டும் செய்து பிரயோசனம் குறைவு. பத்தில் ஒன்பதுக்குச் செய்தாலும் மிஞ்சிய ஒன்றே ஊருக்குப் போதும்.

இனி உங்கள் வளவு. இரத்தமாகக் கழிந்து, வாந்தியெடுத்து, நாலைந்து நாளில் செத்த குட்டி என்றால் பெரும்பாலும் பார்வோ என்ற வைரசு நோய். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஒரு வருடம் வரைகூட இருக்கும். சவர்க்காரத்துக்கு அசையாது, பினைலையும் நம்ப முடியாது. சீமெந்துத் தரையென்றால் அழுக்கை நன்றாகக் கழுவிவிட்டு, வீட்டில் பாவிக்கும் குளோரின் வெளுப்பான் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டால் சாகும். குட்டி தின்ற கோப்பையையும் அப்படியே ஊறவையுங்கள். ஆனால் அரை ஏக்கர் மண்ணை வெளுப்பானால் கழுவ முடியாது. ஆகவே வருகிற கார்த்திகை வரைக்கும் உங்கள் மண்ணில் ஊசி முடியாத குட்டி கால் வைக்கக்கூடாது. வளர்ந்த, ஊசி போட்ட நாய்க்கு அந்தப் பயம் மிகக் குறைவு.

அதே காரணத்துக்காகத்தான் கோயிலடிக் குட்டிகளை நெருக்கடியான காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்கிறேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியை நூறு நாய்க்கு நடுவில் விடுவது இரக்கம் போலத் தெரியும். பார்வோவும், டிஸ்ரெம்பர் என்ற இன்னொரு வைரசு நோயும் அங்கேதான் காத்திருக்கின்றன. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி வற்றி, ஊசியின் பலன் இன்னும் வராத இடைவெளியில் குட்டி மாட்டிக்கொள்ளும். காப்பகம் நடத்துபவர்களில் தெரிந்தவர்கள் இதனாலேயே குட்டிகளை வாங்க மறுப்பார்கள். மறுத்தால் கோபப்படாதீர்கள்.

அப்படியென்றால் ஐந்தையும் எங்கே வைப்பது? அயலில் நாய் செத்திராத வீடு ஒன்றில், சீமெந்து விறாந்தையில், இரண்டு மாதம். ஒருவர் இடம் தரட்டும், இன்னொருவர் சாப்பாடு தரட்டும். அடியில் சாக்கு விரித்து, காலையில் வெயிலில் போட்டு, தினமும் மாற்றுங்கள். நாலு கிழமை தாண்டியிருந்தால் குழையக் காய்ச்சிய சோற்றோடு முள் நீக்கிய மீன் அல்லது அவித்த முட்டை, நாளுக்கு நாலு தரம், சிறிது சிறிதாக. பசுப்பாலை வாளியில் ஊற்றி வைக்காதீர்கள், கழிச்சல் வரும். அந்த வயதில் ஒரு நாள் கழிச்சலே குட்டியை முடித்துவிடும். வயிறு மட்டும் பானை போல ஊதி, முதுகெலும்பு தெரிந்தால் புழு. புழு மருந்தை நிறை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சமையல் தராசில் குட்டியை வைத்து நிறுத்து எழுதிக்கொண்டு மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். முதலில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை. பார்வோ, டிஸ்ரெம்பர் சேர்ந்த ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாக, பதினாறு கிழமை வரை போகும். ஒரு ஊசியோடு நிறுத்துவதுதான் ஊரில் நடக்கிற பிழை. "ஊசி போட்டும் செத்துது" என்ற கதைகளில் பாதி அதுதான்.

எட்டுக் கிழமை முடியுமுன் ஒன்றையும் பிரித்துக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது ஆறாம் மாதத்தில் கருத்தடை என்று பேசிக் கொடுங்கள். நாளைக் கலண்டரில் குறித்து, நீங்களே ஓட்டோ பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றும் சொல்லுங்கள். சொல்லாமல் கொடுத்த பெட்டை அடுத்த வருடம் இதே கோயிலடிக்கு உரப்பையில் திரும்பி வரும்.

காப்பகத்துக்குப் போகும்போது சாப்பாட்டு நேரத்துக்குப் போகாதீர்கள், அப்போது எல்லாம் ஒரே சத்தம். கம்பிக்கு முன்னால் பக்கவாட்டாகக் குந்தியிருந்து, கண்ணை நேரே பார்க்காமல் பத்து நிமிடம் பாருங்கள். வந்து மணந்துவிட்டுப் போய், திரும்பவும் வருகிற நாய் நல்லது. மூலையில் நடுங்குவதை இரக்கப்பட்டு எடுப்பது பிள்ளை இல்லாத வீட்டுக்குச் சரி. பிடித்த நாயைக் கயிற்றில் வெளியே கொஞ்சம் நடக்கவிடச் சொல்லிக் கேளுங்கள். கூட்டுக்குள் குரைத்தே களைக்கும் நாய் வெளியே வந்தால் பசுவாக இருக்கும், சிலவேளை மறுபுறமாகவும் இருக்கும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசு (பல் ஈறு) இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். காது நுனியில் வெட்டு அடையாளம் இருந்தால் கருத்தடை செய்தது என்று அர்த்தம். இல்லாவிட்டால் வயிற்றின் நடுவிலோ விலாப்பக்கத்திலோ தையல் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பின்புறத்தில் இரத்தம் கசிகிற, பூக்கோவா போன்ற கட்டி இருந்தால் அது நாய்க்கு நாய் தொற்றும் புற்றுநோய். கிழமைக்கு ஒரு ஊசியாக நாலைந்து முறை ஏற்றினால் பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் முதல்முறை நாய் எடுக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கேளிர் கூடி வரவேற்க வேண்டியதில்லை. முதல் இரண்டு கிழமை பத்துப் பன்னிரண்டு அடிக் கயிறு, கழுத்துப்பட்டியில். சுருக்கு முடிச்சு போடாதீர்கள், வேலியில் மாட்டினால் இறுகும். வேலியின் அடியையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள், ஓடுகிற நாய் வேலிக்கு மேலால் அல்ல, கீழால்தான் ஓடும். 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 350 கிராம் சோறும் 200 கிராம் மீனும் அளவு, இரண்டு நேரமாகப் பிரித்து. வெங்காயம் போட்ட கறி வேண்டாம். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். சொறிக்குக் கழிவு ஒயில் பூசவும் வேண்டாம், அது தோலை எரிக்கும், நக்கினால் உள்ளேயும் போகும்.

கோழிகளை அந்த இரண்டு கிழமையும் கூட்டில் விடுங்கள். நாயைக் கயிற்றோடு கூட்டுக்கு இருபது அடி தள்ளி இருத்திச் சாப்பாடு கொடுங்கள். கோழி செட்டை அடிக்கும்போது நாய் உடம்பை விறைத்து, வாயை மூடிக்கொண்டு, கண் வெட்டாமல் பார்த்தால் அதுதான் பாய்ச்சலுக்கு முந்திய நிலை. உடனே பேர் சொல்லித் திருப்பி, திரும்பியதும் ஒரு துண்டு மீன். நாளுக்கு ஓரடி கிட்டக் கொண்டுவாருங்கள். பாய்ந்து பிடித்த பிறகு அடிப்பதால் நாய் கற்பது ஒன்றுதான், நீங்கள் இல்லாத நேரம் பிடிக்க வேண்டும் என்பது.

மகளுக்கு: நாய் தின்னும்போதும் படுத்திருக்கும்போதும் தொடக்கூடாது, கட்டிப்பிடிக்கக்கூடாது. விசர் நோய் உடம்புக்குள் போய் வெளிவரக் கிழமைகளும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதனால் "இரண்டு கிழமை கட்டிவைத்துப் பார்த்தோம், சுகமாக இருக்கிறது" என்பது விசருக்குக் காப்பல்ல. ஊசிதான் காப்பு, வருடம் ஒருமுறை. இலங்கையில் 1973இல் விசரால் 377 பேர் இறந்தார்கள். இன்று அது இருபது முப்பதுக்குக் குறைந்திருப்பது நாய்களுக்குப் போட்ட ஊசியாலும் ஆஸ்பத்திரி ஊசியாலும்தான். குட்டி கடித்தாலும், நகம் கீறினாலும் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாயின் ஊசி அட்டையையும் கொண்டுபோங்கள். கோப்பித்தூளும் சுண்ணாம்பும் வைக்கக்கூடாது.

பாவம் என்ற கதைக்கு வருகிறேன். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து உண்டு, பெட்டை மறுநாள் எழுந்து சோறு தின்னும். முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பாடு கொடுக்கக்கூடாது, காலை வரை தண்ணீர் கொடுக்கலாம். பிறகு பத்து நாள் குளிப்பாட்டக்கூடாது, ஓடவிடக்கூடாது, மழை நனையாத இடத்தில் வைத்துக் காலையும் மாலையும் தையலைப் பார்க்க வேண்டும். கொஞ்ச வீக்கம் இருக்கும். சீழ், மணம், தையல் பிரிவு இருந்தால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். ஈ மொய்த்தால் ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும், அதுதான் எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய பிழை. பருவத்தில் இருக்கும்போது இரத்தப்போக்கு கூடும், ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள். பால் கொடுக்கிற தாய்க்குக் குட்டி மறந்த பிறகு.

செலவு குறைவு என்று கருத்தடை ஊசியை மாமி கேட்டால் சம்மதிக்காதீர்கள். அந்த ஓமோன் ஊசியால் கருப்பையில் சீழ் பிடிக்கிறது, முலையில் கட்டி வருகிறது. சீழ் பிடித்த பெட்டை தண்ணீராகக் குடித்துக்கொண்டு, சோறு தின்னாமல், வயிறு பெருத்துச் சாகும். பாவம் என்ற சொல்லை மாமி அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

மாமி பெட்டை வேண்டாம் என்பது குட்டிக்கும் படலையடிக் கடுவன் கூட்டத்துக்கும் பயந்து. கருத்தடை செய்த பெட்டையிடம் இரண்டும் இல்லை. கோழிக்குக் காவலும் கடுவனைவிடக் குறையாது, வீட்டைவிட்டு அலைவதும் குறைவு.

குட்டிகளின் நிறத்தை எழுதியிருக்கிறீர்கள், பல்லை எழுதவில்லை. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல் ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் மூன்று கிழமைக்கு உட்பட்டவை. அவற்றுக்கு நான் சொன்ன சோறு சரிவராது, நாய்க்குட்டிக்கான பால்மாவைக் கரைத்துப் போத்தலில் ஊட்ட வேண்டும், மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம், இரவிலும். ஊசி போன்ற சின்னப் பற்கள் வரிசையாக வந்திருந்தால் மேலே சொன்னபடி செய்யலாம். இன்றைக்கே பார்த்து எழுதுங்கள்.